கடல் கடந்து கனி பறிப்போர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

கூலிக்குப் பழம் பறிப்பதற்காக வெளிநாடு செல்வோர் உண்டு என்று நான் வீட்டில் சொன்னபோது என் தந்தையார் நம்பவில்லை. கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள தோப்புகளில் இருபத்தைந்து ஆண்டுகளாக மாங்காய் பறித்து வருபவர் அவர். "மாங்கா பறிக்கிறதுக்கு எவனாவது ஏரோப்ளேன் ஏறிப் போவானா?" என்று கேட்டார். போகிறார்கள். அதுவும் விரும்பியே போகிறார்கள். ஊர் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில், கைச்செலவுக்காகச் சில வாரங்கள் தோட்டங்களில் உழைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்படுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் இது அரை நூற்றாண்டு வழக்கம். அதைப் பற்றி நான் படித்து அறிந்தவற்றை நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பிரிட்டன் முதலிய சில நாடுகளின் இளைஞர்களுக்காக 1975-ஆம் ஆண்டில் இந்தத் திட்டம் தொடங்கப்பெற்றது. பதினெட்டு வயது நிரம்பியோர் ஓராண்டு தங்கலாம், உலாவலாம், இடையிடையே வேலையும் செய்யலாம். தென்கோளமாதலால் அங்குப் பருவங்கள் நமக்கு நேர்மாறானவை. நம் ஊரில் மாங்காய் ஓய்ந்த பின்பு, செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, வடக்கே டார்வின், கேத்தரின் பகுதிகளில் மாங்காய். நவம்பர் தொடங்கி யங் நகரிலும் டாஸ்மேனியாவிலும் செர்ரி. கோடையின் கடைசியில் மர்ரி ஆற்றங்கரையில் மில்டுராவின் திராட்சை. பிப்ரவரி முதல் மே வரை ஷெப்பர்ட்டன், பேட்லோ, ஹுவான் பள்ளத்தாக்கு ஆகிய இடங்களில் ஆப்பிளும் பேரியும். பருவத்தின் பின்னாலேயே நடந்தால் ஓராண்டில் ஒரு கண்டத்தையே பார்த்துவிடலாம்.

ஆப்பிளைப் பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளங்கையில் ஏந்தி மேல்நோக்கிச் சற்றுத் திருப்பினால் காம்போடு கழன்று வரும். இழுத்தால் அடுத்த ஆண்டுக்குரிய மொட்டும் சேர்ந்து பிய்ந்துவிடும். ஆயினும் தாவரவியல் மாணவனுக்கு வியப்பளிப்பது ஆப்பிளன்று, மாங்காயே.

அந்நாட்டில் பெயர்பெற்ற வகை கென்சிங்டன் பிரைடு. இந்தியாவுக்குக் குதிரைகளை ஏற்றி வந்து திரும்பிய கப்பல்களின் வழியாக, பத்தொன்பதாம் நூற்றாண்டில், குவீன்ஸ்லாந்தின் போவன் துறைமுகத்துக்கு அது போய்ச் சேர்ந்தது என்பர். அப்படியானால் அது நமக்கு உறவுதான். காம்பை முறித்ததும் பீறிட்டு வரும் பாலை அறியாதவர் நம் மாவட்டத்தில் இல்லை. அந்தப் பால் காயினுள் நுண்குழல்களில் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிறது. ஆகவேதான் காம்பு ஒடிந்த நொடியில் தெறிக்கிறது. அதில் எண்ணெய்ப் பகுதியும் நீர்ப் பகுதியும் உண்டு. காயின் தோலைக் கருக்குவது எண்ணெய்ப் பகுதி. கென்சிங்டன் வகையில் டெர்பினோலீன் என்னும் பொருளே அதற்கு முதற்காரணம். மனிதத் தோலைப் புண்ணாக்குவது ரிசார்சினால் இனத்தைச் சேர்ந்த பொருள்கள். மா, முந்திரி, சேங்கொட்டை மூன்றும் அனகார்டியேசி என்னும் ஒரே குடும்பம் என்று முதலாண்டில் படித்தபோது தேர்வுக்காக மனப்பாடம் செய்தேனே தவிர, என் தந்தையாரின் முன்கையில் உள்ள தழும்புகளை நினைத்துப் பார்க்கவில்லை.

அங்கே இதற்கென ஓர் ஊர்தி வைத்திருக்கிறார்கள். மரத்தை ஒட்டி மெல்ல நகரும் அதன் மீது சரிவான தட்டு ஒன்று விரிந்திருக்கும். சவர்க்காரக் கரைசல் கலந்த நீர் அதன்மேல் தூவப்பட்டுக்கொண்டே இருக்கும். சுற்றி நிற்போர் காயின் காம்பை அந்த நீரின் அடியிலேயே ஒடித்துப் போடுவார்கள். தெறிக்கும் பால் தோலில் படியுமுன் கழுவப்பட்டுவிடும். முழுக்கைச் சட்டை, கையுறை, தோலுக்குத் தடவும் களிம்பு எல்லாம் உண்டு. அப்படியும் கேத்தரின் வெயிலிலும் புழுக்கத்திலும் உடம்பெல்லாம் கொப்புளம் கண்டு வேலையை விட்டோடுவோர் இருக்கிறார்கள்.

இனிக் கூலிக்கு வருவோம். ஆப்பிள், பேரி போன்றவற்றுக்குப் பெட்டிக் கணக்கில் கூலி தருவது உண்டு. பெட்டியென்றால் ஏறத்தாழ நானூறு கிலோ கொள்ளும் பெரிய பெட்டி. பழகிய கைக்கு இது இலாபம். புதிதாக வந்தவன் பாடு? முன்பெல்லாம் அவனுக்கு அடிமட்டக் கூலி என்ற காப்பே இல்லை. தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில் 2021 நவம்பரில் ஃபேர் வொர்க் ஆணையம் தீர்ப்பளித்தது. 2022 ஏப்ரல் 28 முதல் அது நடைமுறைக்கு வந்தது. எத்தனை பெட்டி நிரப்பினாலும், மணிக் கணக்கில் சேர வேண்டிய குறைந்த அளவு கூலியைக் கொடுத்தே ஆக வேண்டும். அன்றியும், நடுத்தரத் திறமையுள்ளவர் அதைவிட 15 விழுக்காடாவது கூடுதலாக ஈட்டும்படி பெட்டியின் விலையை வைக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2024 ஜூலையில் அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.10 டாலர். தற்காலிகத் தொழிலாளிக்கு 25 விழுக்காடு சேர்த்தால் 30.13. அதன்மேல் 15 விழுக்காடு சேர்த்தால் 34.65. நடுத்தரத் திறமையுள்ளவர் ஒரு பெட்டியை இரண்டு மணி நேரத்தில் நிரப்புவதாக வைத்துக்கொண்டால், பெட்டிக்கு 69.30 டாலர் ஆகிறது. புதியவன் அதே பெட்டிக்கு நான்கு மணி நேரம் எடுத்துக்கொண்டால், வெறும் பெட்டிக் கணக்கில் அவனுக்கு மணிக்கு 17 டாலர் சொச்சமே. இப்போதைய விதியின்படியோ, நான்கு மணிக்கு 120 டாலருக்குமேல் தர வேண்டும். இந்த வேறுபாடே அந்தத் தீர்ப்பின் பொருள். (2017-இல் வந்த வரி வேறு, முதல் டாலரிலிருந்தே 15 விழுக்காட்டைக் கழித்துக்கொள்கிறது.)

விதி ஏட்டில் இருப்பது வேறு, தோட்டத்தில் நடப்பது வேறு. இரண்டாம் ஆண்டும் தங்க விரும்புவோர் நகரங்களுக்கு வெளியே இத்தகைய வேலையை 88 நாள்கள் செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பிரிட்டன் நாட்டவருக்கு மட்டும் 2024 ஜூலையில் இது நீக்கப்பட்டது. அந்த நாள்களுக்குரிய சான்று முதலாளியின் கையில் இருந்தபடியால் குறைந்த கூலியையும் நெரிசலான தங்குமிடத்தையும் வாய்மூடிப் பொறுத்துக்கொண்டவர் பலர். குவீன்ஸ்லாந்தின் சில்டர்ஸ் என்னும் சிற்றூரில் பழம் பறிக்க வந்தோர் தங்கியிருந்த விடுதி 2000 ஜூன் 23-ஆம் நாள் அதிகாலையில் தீக்கிரையானது. ஒருவன் வைத்த தீ அது. பதினைந்து பேர் மாண்டனர். பிரிட்டன், ஜப்பான், கொரியா என்று பல நாட்டுப் பிள்ளைகள்; நம் வயதினர்.

இந்தியர்க்கு இந்தக் கதவு 2024-இல்தான் திறந்தது. ஆண்டுக்கு ஆயிரம் இடங்கள், குலுக்கல் முறை. முதல் குலுக்கலில் இரண்டு வாரத்துக்குள்ளேயே ஏறத்தாழ 40,000 பேர் பதிந்தனர். வயது பதினெட்டு முதல் முப்பது வரை. மேல்நிலைக் கல்விக்குப் பின் இரண்டு ஆண்டுகளேனும் படித்திருக்க வேண்டும். வரும் கோடையில் இந்தத் தகுதி எனக்கும் வந்துவிடும். ஆனால் கையில் 5,000 டாலர் இருப்பதாகக் காட்ட வேண்டும். டாலருக்கு 55 ரூபாய் என்றால் அது இரண்டே முக்கால் லட்சம். விசாக் கட்டணமும் விமானச் செலவும் தனி. மாங்காய் பறிக்கப் போவதற்கு இவ்வளவு பணம் வேண்டுமென்றால், மாங்காய் பறித்து வளர்க்கப்பட்டவன் எப்படிப் போவது? எங்கள் வீட்டில் இத்தொகையை மொத்தமாகப் பார்த்தவர் எவருமில்லை. குலுக்கலில் பதிய 25 டாலர்தான். அதற்குமட்டும் சேர்த்து வைத்திருக்கிறேன். பதிவேனா என்பது இன்னும் முடிவாகவில்லை.

சென்ற ஜூனில் ஒரு சோதனை செய்தோம். தந்தையார் நீண்ட காம்போடு பன்னிரண்டு காய்களைப் பறித்துத் தந்தார். ஆறு காய்களின் காம்பைச் சோப்பு நீர் நிறைந்த வாளிக்குள் வைத்து ஒடித்தேன். ஆறை வழக்கம்போல் ஒடித்துப் போட்டேன். மூன்றாம் நாள் வாளிக் காய்கள் ஆறும் வடுவின்றி இருந்தன. மற்றவற்றில் நான்கில் காம்படியிலிருந்து கறுப்புக் கோடு இறங்கியிருந்தது. தந்தையார் காய்களைப் பார்க்கவில்லை, என் கைகளைத்தான் திருப்பிப் பார்த்தார். பிறகு, "தோப்புல குடிக்கவே தண்ணி இல்ல, வாளிக்கு எங்க போறது?" என்றார். மறுநாள் வேலைக்குப் போகும்போது பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி உடுத்திக்கொண்டு போனார்.