அடுப்பு ஏறாத பலகாரமும் அதன்மேல் ஏறிய கதைகளும்

ஓவன் வேண்டாம், அடுப்பு வேண்டாம், பத்தே நிமிஷம், பள்ளிக்கூடப் பிள்ளையே செய்துவிடும். பீநட் பட்டரும் சாக்லேட்டும் இரண்டு அடுக்காகப் படிந்து நிற்கும் அந்தச் சதுரத் துண்டைப் பற்றி எந்த வீடியோவைத் திறந்தாலும் முதலில் காதில் விழுவது இதுதான். செய்து பார்த்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். உருக்கிய சாக்லேட் கட்டி தட்டிப்போனது, வெட்டும்போது மேல் அடுக்கு தனியாகக் கழன்று வந்தது, தட்டில் வைத்த கால் மணி நேரத்தில் எல்லாம் குழைந்துவிட்டது. செய்முறை எளிதுதான், சந்தேகமில்லை. அதைச் சுற்றி வளர்ந்திருக்கும் நம்பிக்கைகள்தான் ஆளைக் கவிழ்க்கின்றன.

அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். 8 அங்குலச் சதுர ட்ரேக்கு 250 கிராம் பீநட் பட்டர், உருக்கிய வெண்ணெய் 100 கிராம், பிஸ்கட் தூள் 200 கிராம், ஐசிங் சுகர் 150 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. பிசைந்து, பட்டர் பேப்பர் விரித்த ட்ரேயில் அழுத்த வேண்டும். 200 கிராம் சாக்லேட்டை உருக்கி, இரண்டு மேசைக்கரண்டி பீநட் பட்டர் கலந்து மேலே ஊற்றி, இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும். ஐந்துக்கு ஐந்தாக வெட்டினால் 25 துண்டு.

“இதில் சமையலே கிடையாது”

பாதி உண்மை. நம் வீட்டில் அடுப்பு எரியவில்லை, அவ்வளவுதான். நிலக்கடலை ஏற்கெனவே வறுபட்டது. பிஸ்கட் ஓவனில் வெந்து வந்தது. கோகோ விதை புளித்து, காய்ந்து, வறுபட்ட பிறகுதான் சாக்லேட் ஆனது. நெருப்பின் வேலையை எல்லாம் வேறு யாரோ முன்கூட்டியே முடித்துக் கொடுத்திருக்கிறார்கள். எனவே இந்தக் கலவைக்குள் போகும் எதுவும் முன்பே சூடு கண்டதாக இருக்க வேண்டும். பிஸ்கட் தீர்ந்துவிட்டது என்று பச்சை மைதாவை அள்ளிப் போடுவது தவறு. மாவு பார்க்கக் காய்ந்திருந்தாலும் கிருமி இல்லாத பொருள் அல்ல. 2016-இல் அமெரிக்காவில் மைதாவிலிருந்து ஈ.கோலை பரவி, டன் கணக்கில் மாவைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். பச்சைக் கடலை மாவும் வேண்டாம்.

பொட்டுக்கடலை மாவு தாராளமாகப் போடலாம். அது வறுத்தே விற்கப்படுவது. மாலாடு பிடிப்பவர்களுக்கு இது புதிதல்ல. பொட்டுக்கடலை மாவு, பொடித்த சர்க்கரை, உருக்கிய நெய், ஆறினால் இறுகும் உருண்டை. இந்த அமெரிக்கத் துண்டும் அதே குலம்தான். தட்டையான ஓட்ஸும் ஆபத்தில்லை. ஆவியில் வேகவைத்துத் தட்டையாக்கித்தான் அதைப் பெட்டியில் அடைக்கிறார்கள்.

“ஃப்ரிட்ஜில் இறுகிவிட்டால் அப்புறம் கவலையில்லை”

பெரும்பாலானவர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான். கடலை மிட்டாய் இறுகுவது பாகால். பாகில் உள்ள தண்ணீர் பெரும்பாலும் வற்றும்வரை காய்ச்சுகிறோம், அது ஆறும்போது கண்ணாடி போல உறைகிறது. கோவில்பட்டி வெயிலிலும் அது உருகாது. மழைக்காலத்தில் வேண்டுமானால் பிசுபிசுக்கும். பீநட் பட்டர் துண்டில் பாகே இல்லை. அதைப் பிடித்து நிறுத்துவது உறைந்த கொழுப்பு. கொழுப்பு உருகும் வெப்பநிலை வந்ததும் கட்டடம் சரிகிறது.

எந்தக் கொழுப்பு எப்போது உருகும் என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியில் உருகும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி. நன்றாக உறைந்த கோகோ கொழுப்பு 34 டிகிரிக்குப் பக்கத்தில். வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் போடச் சொல்லும் குறிப்புகள் குளிர் நாட்டுச் சமையலறைக்கு எழுதப்பட்டவை. சென்னையில் அந்தத் துண்டு ஃப்ரிட்ஜிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு வருவதற்குள் வியர்க்க ஆரம்பித்துவிடும். மே மாதத்தில் வெண்ணெயும் சாக்லேட்டும்கூடத் தாங்காது. வெளியே எடுத்த கையோடு பரிமாற வேண்டியதுதான்.

இதையொட்டி இன்னொன்று: கடையில் பாளம் பாளமாக விற்கும் காம்பவுண்டும் சாக்லேட்டும் ஒன்றே என்ற எண்ணம். ஒன்றல்ல. சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பு கோகோ கொழுப்பு. காம்பவுண்டில் அதை எடுத்துவிட்டுப் பாமாயில் வகையறாத் தாவரக் கொழுப்பைச் சேர்த்திருப்பார்கள். உறை மேல் உள்ள பொருள் பட்டியலைப் படித்தால் தெரிந்துவிடும். கோகோ கொழுப்பு ஆறு விதமாகப் படிகமாகும். அதில் ஐந்தாவது வகை அமைந்தால்தான் பளபளப்பும், உடைக்கும்போது ‘டக்’கென்ற ஓசையும் கிடைக்கும். டார்க் சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 27–28 வரை ஆறவிட்டு, மறுபடி 31–32க்கு ஏற்றும் வித்தை அதற்காகத்தான். காம்பவுண்டுக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. உருக்கி ஊற்றினால் உறையும். நாக்கில் மெழுகு போலக் கொஞ்சம் ஒட்டும், வாசமும் மட்டு. ஆனாலும் வெயில் காலத்துப் பிறந்தநாள் விருந்துக்கு மேல் அடுக்காகக் காம்பவுண்டைப் போடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்குள் சாப்பிட நல்ல சாக்லேட்டே சரி. ஃப்ரிட்ஜிலேயே இருக்கப்போவதால் அதற்கும் இந்த வித்தை கட்டாயமில்லை. இரண்டு நாளில் மேலே சாம்பல் படிந்தது போலத் தெரிந்தால் பயந்து கொட்டிவிடாதீர்கள். கொழுப்போ சர்க்கரையோ மேலே வந்து படிகமாகியிருக்கிறது, பூஞ்சை அல்ல. பீநட் பட்டர் பாட்டிலில் எண்ணெய் மிதப்பதும் அப்படித்தான். கலக்கிவிட்டால் சரியாகிவிடும். பாமாயிலோ, ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயோ கொஞ்சம் சேர்த்த பாட்டிலில் எண்ணெய் பிரியாது, அதுதான் வித்தியாசம்.

“கெட்டியாக இருந்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர் விடு”

தோசை மாவுக்குப் பொருந்தும் புத்தி. சாக்லேட் என்பது கொழுப்பில் மிதக்கும் கோகோத் தூளும் சர்க்கரைத் தூளும். நாலு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனால் சர்க்கரைத் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வழவழவென்று ஓடிக்கொண்டிருந்தது கண்ணெதிரே களிமண் ஆகிவிடும். டபுள் பாய்லரில் வரும் ஆவி போதும், சரியாகத் துடைக்காத கரண்டி போதும். வேடிக்கை என்னவென்றால், இதற்கு மருந்தும் தண்ணீர்தான். 50 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சூடான பாலோ தண்ணீரோ ஊற்றி அடித்தால் மறுபடி வழவழப்பாகும். ஆனால் உறையாது, பாலில் கலந்து குடிக்கலாம், இந்தத் துண்டுக்கு ஆகாது. மைக்ரோவேவ் இருந்தால் 20, 30 விநாடிக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் கிளறி உருக்குவது உத்தமம்.

பீநட் பட்டரும் தண்ணீருக்கு அதே பகை. வறுத்த வேர்க்கடலையை மிக்ஸியில் போட்டுப் பாருங்கள். முதலில் பொடியாகும். பிறகு ஜாரின் சுவரில் அப்பிக்கொண்டு, பிளேடு வெறுமனே சுற்றும். வழித்து விட்டு ஓட்டினால் ஒரே உருண்டையாகத் திரளும். அங்கேதான் பலருக்குக் கை தண்ணீர்ச் செம்புக்குப் போகிறது. கொஞ்சம் பொறுத்து, மிக்ஸிக்கும் ஓய்வு கொடுத்து மேலும் ஓட்டினால், உருண்டை உடைந்து, பளபளவென்று இட்லி மாவு பதத்தில் இளகி ஓடும். கடலையின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்; தண்ணீரும் வேண்டாம், தனி எண்ணெயும் வேண்டாம்.

தண்ணீர் இல்லாத கலவை என்பதால்தான் ஐசிங் சுகர் கேட்கிறார்கள். சாதாரணச் சர்க்கரை இதில் கரைய வழியில்லை, மணல் போல நெறுநெறுக்கும். வெல்லப் பாகும் தேனும் தண்ணீரைக் கூடவே கூட்டி வருவதால் கலவை இறுகி, எண்ணெய் கக்கும். வெல்லம் போட்டே ஆக வேண்டும் என்றால் நன்றாகக் காய்ந்த நாட்டுச் சர்க்கரையை நைசாகப் பொடித்துச் சலித்துப் போடுங்கள்.

“நாட்டுச் சர்க்கரை போட்டது, புரதம் வேறு, உடம்புக்கு நல்லது”

நாட்டுச் சர்க்கரையிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். சர்க்கரை நோயாளிக்குக் கணக்கு மாறாது. மேலே சொன்ன அளவை 25 துண்டாக்கினால் ஒரு துண்டு 37 கிராம் வரும். அதில் சுமார் 200 கலோரி, 4 கிராம் புரதம், 12 கிராம் சர்க்கரை. சர்க்கரை மட்டும் மூன்று டீஸ்பூன். நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவர் சேர்க்கும் சர்க்கரையை 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு துண்டிலேயே அந்த 25 கிட்டத்தட்ட முடிந்தது. இதை இனிப்பு என்று ஒப்புக்கொண்டு ஒன்று சாப்பிடுவதில் எந்தக் கெடுதலும் இல்லை. ‘எனர்ஜி பார்’ என்று பெயர் மாற்றி மூன்று சாப்பிடுவதுதான் வம்பு. சர்க்கரையைக் குறைக்கலாம், ஆனால் இந்தக் கலவைக்கு உடம்பு கொடுப்பதும் அதுதான். 75 கிராம் குறைத்தால் அந்த இடத்தில் அதே அளவு பொட்டுக்கடலை மாவு வைக்க வேண்டும்.

நிலக்கடலையில் கொலஸ்ட்ரால் என்ற பேச்சு எப்படி இவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறதோ! அதில் கொலஸ்ட்ரால் கிடையாது. இந்தத் துண்டில் கொலஸ்ட்ரால் இருக்கிறதென்றால் அது வெண்ணெயிலிருந்து வந்தது.

“பீநட் பட்டரைக் கண்டுபிடித்தவர் கார்வர்”

வினாடி வினாக்களில் இன்றும் வருகிறது. ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் பெரிய விவசாய விஞ்ஞானி. அலபாமாவில் பருத்தியால் சத்துப் போன மண்ணில் நிலக்கடலை போடச் சொன்னவர், கடலையைச் சமைக்க 105 வழிகள் என்று 1916-இல் கையேடு வெளியிட்டவர். பீநட் பட்டர் அவருக்கு முந்தியது. மாண்ட்ரியலைச் சேர்ந்த மார்செல்லஸ் கில்மோர் எட்சன் 1884-இலேயே கடலை விழுதுக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். நிலக்கடலையின் பூர்வீகமான தென் அமெரிக்காவில் அதற்கும் எத்தனையோ நூற்றாண்டு முன்பே மக்கள் கடலையை அரைத்துச் சாப்பிட்டார்கள்.

1895-இல் கொட்டை விழுதுக்குக் காப்புரிமை கேட்ட ஜான் ஹார்வி கெல்லாக், மிச்சிகனில் சைவ உணவு மருத்துவ விடுதி நடத்தியவர். இறைச்சிக்கு மாற்றாக அதைப் பரிந்துரைத்தார். அமெரிக்கர்கள் இந்தப் பலகாரத்துக்குப் பொடிக்கும் கிரஹாம் பிஸ்கட்டின் பெயருக்குக் காரணமான சில்வெஸ்டர் கிரஹாம், வெள்ளை மாவையும் மதுவையும் மசாலாவையும் எதிர்த்து ஊர் ஊராகப் பிரசங்கம் செய்த பாதிரியார். இரண்டு பத்தியக்காரர்களின் சரக்கைச் சேர்த்து, சர்க்கரையும் வெண்ணெயும் பிசைந்து, மேலே சாக்லேட்டும் ஊற்றியிருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் எச்.பி. ரீஸ் 1928-இல் சாக்லேட் கிண்ணத்துக்குள் பீநட் பட்டரை அடைத்து விற்கத் தொடங்கிய பிறகு, அந்த ருசியை வீட்டிலும் பள்ளிக்கூடச் சமையலறையிலும் ட்ரே கணக்கில் செய்யும் வழியாக இது பரவியது.

“வறுத்துவிட்டால் கடலையில் உள்ள நஞ்செல்லாம் போய்விடும்”

போகாது. 1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தீவனத்தில் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கைத் துருவியபோது அகப்பட்டதுதான் அஃப்லாடாக்சின், பூஞ்சை சுரக்கும் நஞ்சு. கடலை வறுக்கும் சூட்டில் அதில் ஒரு பங்குதான் குறையும். எனவே வறுப்பதற்கு முன் முறத்தில் கொட்டி, சுருங்கியது, கருத்தது, பூஞ்சை படிந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிவதுதான் பாதுகாப்பு. கசந்த கடலையைச் சாக்லேட்டால் மறைக்க நினைக்காதீர்கள்.

“ஃப்ரீசரில் வைத்தால் சீக்கிரம் ஆகும்”

ஆகும், ஆனால் மேல் அடுக்கு விறைத்து, கத்தி பட்டதும் சில்லுச் சில்லாக உடையும். வெளியே எடுத்தால் ஈரம் கோத்துச் சாக்லேட் மங்கும். ஃப்ரிட்ஜே போதும். சாக்லேட்டில் இரண்டு கரண்டி பீநட் பட்டர் கலப்பதும் இதற்காகத்தான். கடலை எண்ணெய் அவ்வளவு எளிதில் உறையாததால் அடுக்கு மெத்தென்று இருக்கும். வெட்டுமுன் பத்து நிமிஷம் வெளியே வைத்து, கத்தியை வெந்நீரில் நனைத்து ஈரம் போகத் துடைத்து வெட்டினால் ஓரம் நேராக வரும்.

“மூன்று வயதுவரை குழந்தைக்கு நிலக்கடலை ஆகாது”

இதை ஊர்க்கதை என்று ஒதுக்க முடியாது. ஒவ்வாமை வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2000-இல் அப்படிச் சொல்லி, 2008-இல் கைவிட்டது. லண்டனில் நடந்து 2015-இல் வெளியான லீப் ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே நிலக்கடலை உணவைத் தொடர்ந்து கொடுத்ததில், பிற்பாடு கடலை ஒவ்வாமை ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்தது. அதற்காகக் கைக்குழந்தைக்கு இந்தத் துண்டைக் கொடுக்கக் கூடாது. முழுக் கடலையும் கெட்டிப் பீநட் பட்டரும் தொண்டையில் அடைக்கும். வெந்நீரில் தளரக் கரைத்து, கஞ்சியில் கொஞ்சம் கலந்து ஆரம்பிப்பதே வழி. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தை என்றால் டாக்டரைக் கேட்ட பிறகு. மற்றவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பரிமாறும்போது, உள்ளே நிலக்கடலை இருக்கிறது என்று தட்டை நீட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். மேலே தெரிவது சாக்லேட் மட்டும்தான்.