கோபக்கார சிஸ்டருக்கு எப்போது டியூட்டி?

அன்புள்ள மாலதி,

செவிலியர் தினத்துக்காக நீ எழுதிய பேச்சு கிடைத்தது. தொடக்கத்தில் 950ஆம் குறளை வைத்தது சரிதான். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பார்ப்பவரையும் வள்ளுவர் ஒரு கூறாகக் கணக்கில் சேர்த்தார் என்பதை மேடையில் சொல்லத்தான் வேண்டும். அடுத்த பத்தியில்தான் எனக்கு எரிச்சல் வந்தது. செவிலியின் ஒரு புன்னகையே பாதி நோயைத் தீர்த்துவிடும் என்று எழுதி, அதற்குச் சாட்சியாகக் கைவிளக்கு ஏந்திய காரிகை ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதி அழித்தும் இருக்கிறாய்: "மேடம், கனிவால் நிஜமாகவே குணமாகுமா, இல்லை அது சும்மா சொல்வதா?" அழித்த பிறகும் படிக்க முடிந்தது. பேச்சைவிட அந்தக் கேள்வி எவ்வளவோ மேல். இந்தக் கடிதம் அதற்குத்தான்.

முதலில் அந்த விளக்கைத் தீர்த்துவிடுவோம். நைட்டிங்கேல் 38 செவிலியரோடு ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனது 1854 நவம்பரில். இன்றைய இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில் இருக்கும் உஸ்குதார்தான் அந்த இடம். அவர் போனதும் சாவு குறைந்துவிட்டதாகப் பள்ளிப் பாடம் சொல்லும். குறையவில்லை, அந்தக் குளிர்காலத்தில் ஏறிக்கொண்டே போனது. 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42-க்கு மேல் என்பது பிற்பாடு அவரே போட்ட கணக்கு. மார்ச்சில் லண்டனிலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்து கட்டடத்துக்கு அடியில் தேங்கிக் கிடந்த சாக்கடையைக் கழுவியது, தண்ணீர் வரும் வழியில் செத்துக் கிடந்த விலங்குகளை அகற்றியது, காற்றுக்கு வழி செய்தது. கோடை பிறப்பதற்குள் சாவு நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. பிப்ரவரியிலும் ஜூனிலும் விளக்கு அதே விளக்குதான். (படங்களில் அலாவுதீனின் விளக்கு மாதிரி வரைகிறார்களே, அதுவும் தப்பு. மடிப்பு மடிப்பாக விரியும் துருக்கிக் கூண்டு விளக்கு அது.) விளக்கைப் பிரபலமாக்கியது ஒரு பத்திரிகைப் படமும் லாங்ஃபெலோவின் கவிதையும். நைட்டிங்கேல் ஊர் திரும்பி, புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபாரோடு உட்கார்ந்து, காயத்தால் இறந்தவர்களைவிட நோயால் இறந்தவர்கள் பல மடங்கு என்பதை வண்ண வட்டப் படமாக வரைந்து 1858-இல் வெளியிட்டார். மேடையில் காட்ட வேண்டிய படம் அது.

அப்படியானால் கனிவுக்கு வேலையே இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. ஆனால் நீ அதை முகத்தில் தேடுகிறாய்.

நான் பயிற்சியில் இருந்த காலத்தில் எங்கள் வார்டில் ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பேச்சும் வெடுக்கென்றுதான் இருக்கும். நைட் டியூட்டியில் ரவுண்ட்ஸ் போகும்போது ஒவ்வொரு கட்டிலிலும் போர்வைக்குள் கையை விட்டு, புறங்கையால் நோயாளியின் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார். பாதம் சில்லிட்டிருந்தால் அடுத்த நிமிஷம் நாடி, பிபி. ரத்த ஓட்டம் தளரும்போது உடல் கைகால்களைத்தான் முதலில் கைவிடும் என்பது உனக்குத் தெரிந்ததே. பக்கவாதம் வந்தவர் கட்டிலுக்குப் போனால், செயலிழந்த கைப்பக்கம் யாரோ வைத்துவிட்டுப் போன தண்ணீர் டம்ளரை எடுத்து, எட்டுகிற கைப்பக்கம் வைப்பார். "தண்ணி வச்சாச்சுன்னு சார்ட்ல எழுதினா தாகம் தீருமா?" என்று எங்களைத்தான் திட்டுவார். உடனிருக்கும் சொந்தக்காரர்கள் எங்களிடம் வந்து, "அந்தக் கோவக்கார சிஸ்டருக்கு எப்ப டியூட்டி?" என்று கேட்டு வைத்துக்கொள்வார்கள். அவருக்குப் பயந்துதான் கேட்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். அவர் இருக்கும் இரவில்தான் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரத் துணிவார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. உறவினரைக் கவலையில்லாமல் வீட்டுக்கு அனுப்பிய அந்தக் கனிவு ஒரு தடவைகூட அவர் உதட்டுக்கு வந்ததில்லை.

இப்படிப்பட்ட கவனிப்பைப் பற்றி நைட்டிங்கேல் 1859-இலேயே எழுதிவிட்டார். 'நோட்ஸ் ஆன் நர்சிங்' புத்தகத்தைத் தேர்வுக் குறிப்பாக அல்லாமல் முழுசாகப் படித்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேரோ! அதில் சத்தத்துக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. நோயாளியின் கதவுக்கு வெளியே நின்று கிசுகிசுப்பவர்களை அதில் வறுத்தெடுக்கிறார். உரக்கப் பேசினாலாவது விஷயம் தெரிந்துபோகும். கிசுகிசுத்தால் தன்னைப் பற்றித்தான் என்று நோயாளி காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பான். சலசலக்கும் பாவாடையோடு அறைக்குள் நுழையும் பெண்களையும் அவர் விடவில்லை. இன்று அந்த இடத்தை வார்டில் அலறும் செல்போன் பிடித்துக்கொண்டது. ராத்திரி இரண்டு மணிக்குச் சினிமாப் பாட்டு ரிங்டோன் வைத்திருக்கும் செவிலியரை என்ன செய்யலாம்? நான் என்றால் போனைப் பிடுங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுவேன். இன்னோர் அத்தியாயம் முழுக்க, நோயாளியிடம் வெற்று ஆறுதல் சொல்பவர்கள் மேல் வரும் கோபம். "ஒண்ணும் இல்ல, சரியாயிடும்" என்று நாமும் தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறோம். சொன்னவருக்கு நிம்மதி; கேட்டவர் தன் பயத்தோடு தனியாகக் கிடக்கிறார்.

வெற்று ஆறுதலுக்குப் பதில் என்ன சொல்வது? இங்கேதான் உன் கேள்விக்கு விடை. 1964-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் எக்பர்ட் என்ற மயக்க மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் 97 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவிடம் முன்கூட்டியே போய், வலி எங்கே இருக்கும், எவ்வளவு இருக்கும், எத்தனை நாள் இருக்கும் என்று விளக்கினார்கள். வயிற்றுத் தசை இறுகுவதால் வலி கூடுகிறது, அதைத் தளர்த்துவது இப்படி, கைகாலை ஊன்றிப் புரள்வது இப்படி, பொறுக்க முடியாவிட்டால் மருந்து கேளுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். மற்றப் பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. பேசிச் சொல்லிக்கொடுத்த பிரிவுக்கு வலி மருந்து ஏறக்குறைய பாதியே தேவைப்பட்டது. யார் எந்தப் பிரிவு என்று அறியாத அறுவை மருத்துவர்கள், அவர்களைச் சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பினார்கள். சொன்னவர் டாக்டர்தானே என்று மல்லுக்கு நிற்காதே. ராத்திரி அதே நோயாளி புரள முடியாமல் தவிக்கும்போது, அதே விஷயத்தைச் சொல்ல அங்கே இருக்கப்போவது நீதான்.

இதில் மந்திரம் இல்லை. வலிக்குப் பயந்தவர் மேலோட்டமாக மூச்சு விடுவார், இருமமாட்டார், அசையமாட்டார். சளி நுரையீரலின் அடியில் தங்கும். கெண்டைக்காலில் ரத்தம் உறையும். பயம் தெளிந்தவர் இருமுவார், மறுநாளே காலைத் தொங்கப்போட்டு உட்காருவார். நீ சொன்ன நாலு வார்த்தை அவருடைய நுரையீரலுக்குப் போய்ச் சேரும் வழி அதுதான். வார்த்தையில் விவரம் இருக்க வேண்டும். வெறும் தேன் போதாது.

இன்னொன்று. சிரித்த முகத்தோடு வேலை பாருங்கள் என்று வார்டுச் சுவரில் எழுதி ஒட்டும் நிர்வாகங்களைக் கண்டால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். 2002-இல் லிண்டா எய்கன் குழுவினர் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளின் அறுவை நோயாளிகளை ஆராய்ந்தார்கள். ஒரு செவிலியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. இது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிறுவிவிடவில்லை என்று யாராவது எழுந்து கேட்டால் ஒப்புக்கொள். ஆனால் யோசித்துப் பார். எங்கள் சிஸ்டர் போர்வைக்குள் கைவிட்டுப் பாதம் தொட்டுப் பார்க்க ஒரு கட்டிலுக்கு அரை நிமிஷமாவது வேண்டும். கட்டில்களை இரட்டிப்பாக்கிவிட்டால் அந்த அரை நிமிஷத்துக்கு எங்கே போவது? போஸ்டர் ஒட்டுகிற காசில் இன்னொரு ஆளைப் போடலாம் என்று உன் பேச்சில் தைரியமாகச் சொல். முன்வரிசையில் கண்காணிப்பாளர் உட்கார்ந்திருப்பார், இருக்கட்டும்.

இரண்டாம் பத்தியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எக்பர்ட்டின் ஆய்வை உன் சொந்த வார்த்தையில் எழுது. 'தியாகத் தீபங்கள்' என்ற கடைசி வரியையும் அடித்துவிட்டேன். தீபத்துக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை என்று நினைப்பவர்களுக்கு அது வசதியாகப் போய்விடும். திருத்தியதை மே 12-க்கு ஒரு வாரம் முன்பாவது அனுப்பு. என் கண்ணுக்குத் தெரிகிற அளவில் கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது.

அன்புடன்,
உன் பழைய டியூட்டர்