அலுத்த இரவுக்கு மோர்க்கூழ்

கேள்வி: உழைத்துக் களைத்த இரவுகளில் அடுப்படிக்குள் நுழையவே மனம் வருவதில்லை. அத்தகைய நாட்களில் என்ன சமைக்கலாம்?

பதில்: தங்கள் சிரமம் நான் நன்கறிந்ததே. முதல் நாளே புளித்துப்போன மோர் 3 கிண்ணம் இருக்குமானால், அதில் 1 கிண்ணம் பச்சரிசி மாவையும் உப்பையும் கட்டியின்றிக் கரைத்து வைத்துக்கொண்டு, வாணலியில் தாராளமாக விட்ட நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை, அவசியமாக இரண்டு மோர்மிளகாய் ஆகியவற்றைத் தாளித்து, கரைசலை ஊற்றி, நிதானமான தீயில் கைவிடாமல் கிளறி வந்தால், சுமார் 15 நிமிஷத்தில் மாவு வெந்து, பளபளப்புற்று, ஈரக்கையில் ஒட்டாத பக்குவத்தை அடையும். மோர்மிளகாய் இல்லாத மோர்க்கூழைப் பூரணமானதென்று நான் ஒப்பமாட்டேன். சுடச்சுடத் தட்டில் இட்டு உண்ணுங்கள். குழந்தைகளுக்கு மட்டும் மிளகாயை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.