மணல் இருக்கட்டுமா, வேண்டாமா?
(வீட்டில் வளரும் முருகைக்கல் தொட்டி பற்றிய ஓர் உயிரியற் பார்வை)

கப்பி, தங்கமீன் வளர்க்கும் நன்னீர்த் தொட்டிகளை நம் நாட்டில் பல வீடுகளிலும் காணலாம். கடல்நீர் நிரப்பி, கடல் மீன்களோடு முருகைக்கற்களையும் வளர்க்கும் தொட்டிகளோ மிகச் சிலரிடமே உண்டு. அவ்வாறான தொட்டியைத் தொடங்குபவர் முதலிலேயே தீர்மானிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தொட்டியின் அடியில் மணல் பரப்புவதா, வெறும் கண்ணாடியாகவே விடுவதா? இது அழகு சம்பந்தப்பட்ட கேள்வி போலத் தோன்றினாலும், உள்ளே சேரும் கழிவை யார் அகற்றுவது என்பதே இதன் உண்மையான பொருளாகும்.

கழிவு எங்கே போகிறது?

உயர்தர உயிரியலில் நாம் படிக்கும் நைதரசன் வட்டம் இத்தொட்டிக்குள் இரவு பகலாக நடைபெறுகின்றது. மீனின் கழிவும் உண்ணாமல் விடப்பட்ட உணவும் அமோனியாவாக மாறும். அமோனியா மீனுக்கு நஞ்சு. நைத்திரசோமோனாசு போன்ற பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், நைத்திரோபற்றர் போன்றவை நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இவை ஒட்சிசன் உள்ள இடத்தில் வேலை செய்பவை.

நைத்திரேற்று அமோனியா அளவுக்குக் கொடியதல்ல. ஆயினும் அது அதிகரித்தால் அல்கா படர்ந்து முருகைக்கற்களை மூடிவிடும். அதை நைதரசன் வாயுவாக்கி வெளியேற்றும் பற்றீரியாக்களுக்கு ஒட்சிசன் மிகக் குறைந்த இடம் தேவை. அந்த இடத்தைத் தொட்டிக்குள் எவ்வாறு உண்டாக்குவது என்பதிலிருந்தே மணல் பற்றிய விவாதம் தொடங்குகிறது.

மணல் உள்ள தொட்டி

மெல்லிய மணலை 10 தொடக்கம் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் பரப்பினால் மேற்பகுதியில் ஒட்சிசன் இருக்கும், ஆழத்தில் இராது. இரண்டு வகைப் பற்றீரியாக்களும் ஒரே மணலில் மேல்மாடி, கீழ்மாடி போலக் குடியிருக்கும். 1980களில் மொனாக்கோவில் ஜான் ஜோபேர் என்ற ஆய்வாளர், மணலுக்குக் கீழே நீர் தங்கும் ஒரு வெற்றிடத்தை விட்டு இம்முறையைப் பிரபலமாக்கினார். பின்னர் அமெரிக்க விலங்கியலாளர் ரொன் ஷிமெக், புழுக்களும் சிறு நத்தைகளும் நிறைந்த ஆழ்மணற் படுக்கையை வலியுறுத்தினார். அவை மணலைக் கிளறிக்கொண்டே இருப்பதால் மணல் இறுகாது.

ஆனால் ஆழமான மணல் இடத்தையும் பாரத்தையும் கேட்கும். 90 சென்ரிமீற்றர் நீளமும் 45 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள தொட்டியில் 12 சென்ரிமீற்றர் மணல் பரப்பினால் அதன் கனவளவு ஏறத்தாழ 48 லீற்றர். நிறை 70 கிலோகிராமைத் தாண்டும். தொட்டியின் உயரமும் 45 சென்ரிமீற்றர் என்றால் கால்வாசிக்கு மேல் மணலுக்கே போய்விடும். ஆகவே பலர் 3 சென்ரிமீற்றர் அளவில் மெல்லியதாகப் பரப்புகின்றனர். இது சிற்றுயிர்களுக்கு வீடாகும். எனினும் நைத்திரேற்றை அகற்றும் வேலையில் இதனிடம் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

மணல் இல்லாத தொட்டி

ஜேர்மனியில் உருவான பேர்லின் முறை மணலை நம்பவில்லை. நுண்டுளைகள் நிறைந்த உயிர்ப்பாறையும், கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர் கருவியும், பலமான நீரோட்டமும் அதன் அடிப்படை. பாறையின் வெளிப்புறத்தில் ஒட்சிசன் தேவைப்படும் பற்றீரியாக்களும் உட்புறத்தில் மற்றவையும் வாழும். அடியில் விழும் அழுக்கு கண்ணுக்குத் தெரிவதால் குழாயினால் உறிஞ்சி எடுத்துவிடலாம். கிளைவிட்டு வளரும் முருகைக்கற்கள் வேகமான நீரோட்டத்தை விரும்புகின்றன. மணல் இருந்தால் அந்த வேகத்தில் அது புயல் போல எழுந்து அவற்றின் மேல் படியும். வெறும் தொட்டியில் அத்தொல்லை இல்லை.

ஆனால் மணல் செய்யும் வேலையை இங்கே மனிதரும் மின்சாரமும் செய்ய வேண்டும். 2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக்களை நாம் மறந்திருக்க மாட்டோம். மின்சாரம் நின்றால் ஸ்கிம்மரும் நீரோட்டமும் நின்றுவிடும். ஆழ்மணல் வைத்தவருக்கும் இதில் விலக்கில்லை. மணலில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணங்கிகளும் சுவாசிப்பதால், அசைவற்ற நீரில் ஒட்சிசன் விரைவாகக் குறைந்துவிடும். எனவே எந்தத் தொட்டிக்கும் பற்றரியில் இயங்கும் காற்றுப்பம்பி ஒன்று அவசியம்.

குடியிருப்பவரைக் கேளுங்கள்

எந்த உயிரை வளர்க்கப் போகிறோம் என்பதே பாதிப் பதிலைத் தந்துவிடும். கோமாளி மீனுக்கு மணல் கட்டாயமில்லை. சிலவகைக் கோபி மீன்களோ மணலில் வளை தோண்டும் ஒரு இறாலுடன் கூட்டாக வாழ்கின்றன. இறாலுக்குக் கண்பார்வை மிகக் குறைவு. அது வளையைத் தோண்டித் துப்புரவு செய்ய, கோபி வாசலில் காவல் நிற்கும். இறால் தன் உணர்கொம்பை மீனின் மேல் வைத்தபடியே வெளியே வரும். ஆபத்து வந்தால் மீன் வாலை அசைத்து அறிவிக்கும். இரவில் மணலுக்குள் புதைந்து உறங்கும் மீன்களும் உண்டு. இவற்றை வெறும் கண்ணாடியில் விடுவது படுக்கையும் வீடும் இல்லாமல் விடுவதற்குச் சமம்.

பெற்றோர் கவனத்துக்கு

பெருநாள் வந்தால் வீட்டை மூலைமுடுக்கெல்லாம் கழுவுவது நம் வழக்கம். அந்த உற்சாகத்தில் தொட்டி மணலையும் அள்ளிக் கழுவிவிடக் கூடாது. குழாய்நீரிலுள்ள குளோரீன் பற்றீரியாக்களைக் கொல்லும். சில நாட்களில் அமோனியா உயர்ந்து மீன்கள் இறக்கலாம். பல வருடங்கள் பழகிய ஆழ்மணலைக் கிளறுவது இன்னும் ஆபத்தானது. ஒட்சிசன் அற்ற அடிப்பகுதியில் அழுகிய முட்டை மணமுள்ள ஐதரசன் சல்பைட்டு தேங்கியிருக்கலாம். ஆங்காங்கே தெரியும் கறுப்பு நிறம் அதன் அடையாளம். மெல்லிய மணலைச் சுத்தம் செய்வதாயினும், ஒரு முறைக்கு ஒரு சிறு பகுதியை மட்டும் செய்வதே நல்லது.

மணல் எங்கிருந்து?

கடற்கரை அருகில் இருப்பதால் இரண்டு வாளி அள்ளி வரலாம் என்று எண்ணத் தோன்றும். கரை மணலில் எண்ணெயும் அழுக்கும் கலந்திருக்கலாம். புல்மோட்டைக் கருமணலைப் போல இரும்பு அடங்கிய கனியங்கள் உள்ள மணல்களும் உண்டு. தொட்டிக்கு ஏற்றது கல்சியம் காபனேற்றாலான மணல். அனுமதியின்றிக் கரையோர மணலை அள்ளுவதும், உயிருள்ள முருகைக்கற்களைக் கடலிலிருந்து பெயர்த்தெடுப்பதும் சட்டத்துக்கு மாறானவை. 1998 இல் கடல் வெப்பமடைந்து ஹிக்கடுவை உட்பட நம் கரையோர முருகைக்கற்கள் வெளிறி, பெருமளவில் இறந்தன. மிஞ்சியவற்றைப் பெயர்த்து நம் வரவேற்பறையை அலங்கரிப்பது நியாயமாகாது. வளர்ப்போரிடம் துண்டாக்கிப் பெருக்கிய முருகைக்கற்களையே நாட வேண்டும்.

முடிவாக

தொட்டி சிறியது, மணலில் வாழும் உயிர்களை வளர்க்க விருப்பம் என்றால் மெல்லிய மணல் போதும். கிளைவிடும் முருகைக்கற்களே நோக்கம், வாரந்தோறும் அழுக்கை எடுக்க நேரமும் உண்டு என்றால் வெறும் தொட்டி பொருந்தும். பெரிய தொட்டியும் பல மாதப் பொறுமையும் உள்ளவர் ஆழ்மணலை நாடலாம். நேரம், இடம், பணம் ஆகிய மூன்றும் இல்லையெனில் கடல் மீனைக் கடலிலேயே விட்டுவிடுவதும் நல்ல தீர்மானமே. கண்ணாடிக்குள் அடைபட்ட உயிர் தன் கழிவை விட்டு விலகி வேறெங்கும் நீந்திப் போக முடியாது. அதனை அகற்றும் வழியை முதலில் அமைத்துவிட்டு, உயிரைப் பின்னர் கொண்டு வருவோம்.