உப்பு மண்ணும் மண்புழுவும்



மண்புழு உழவனின் நண்பன் என்று சின்ன வகுப்பிலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கிவிட்டோம். ஆனா அந்த நண்பன் எந்த மண்ணில் பிழைக்கும், எந்த மண்ணில் செத்துப்போகும் என்று யாரும் நம்மைக் கேட்டதில்லை. பெருமுக்கல், மரக்காணம் பக்கத்து மாணவர்களுக்கு இது அவசியமான கேள்வி. மரக்காணத்தை நெருங்கினால் வயலுக்குப் பக்கத்திலேயே உப்பளம் பாத்தி பாத்தியாகக் கிடக்கிறது. அந்த நிலத்தில் பணம் கொடுத்து வாங்கிய புழுவை விட்டால் பலன் கிடைக்குமா என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

மண்புழு செய்யும் வேலை

நம்ம பக்கத்தில் நாக்குப்பூச்சி என்றும் சொல்லும் இந்த ஜீவனுக்குக் கண் இல்லை, நுரையீரல் இல்லை. ஈரமான தோல் வழியாகவே சுவாசிக்கிறது. மக்கிய இலை, சாணம், மண் எல்லாவற்றையும் விழுங்கி, வயிற்றில் அரைத்து, குருணை குருணையாக வெளியே தள்ளுகிறது. அந்தக் குருணையில் தழைச்சத்தும் மணிச்சத்தும் பயிர் எடுத்துக்கொள்ளும் நிலையில் இருக்கும். புழு போன வழியெல்லாம் துளை விழுவதால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்குகிறது, வேருக்குக் காற்றும் கிடைக்கிறது.

சார்லஸ் டார்வின் தன் கடைசிப் புத்தகத்தை 1881-ல் மண்புழுவைப் பற்றித்தான் எழுதினார். இங்கிலாந்தின் பல இடங்களில் ஒரு ஏக்கரில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியாகப் போய் வருகிறது என்று அதில் கணக்குச் சொன்னார்.

புழு சத்தை உண்டாக்குகிறதா?

இல்லை. இங்கேதான் பலரும் தவறாக நினைக்கிறார்கள். மண்ணிலும் சருகிலும் ஏற்கெனவே கட்டுண்டு கிடக்கும் சத்தைத்தான் புழு விடுவித்துக் கொடுக்கிறது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. புழு உள்ள நிலத்தில் விளைச்சல் சராசரியாக 25 சதவீதம் கூடியது என்று அது சொல்கிறது. பயிர்க்கழிவை மண்ணிலேயே திருப்பிப் போட்டால் பலன் இன்னும் அதிகம். தழைச்சத்து ஏற்கெனவே மிகுதியாக உள்ள மண்ணில் அந்தப் பலன் மறைந்துவிடுகிறது. தீனி போடாமல் புழுவை மட்டும் விட்டால் விளைச்சல் வராது என்பதே இதன் பொருள்.

உப்பு என்ன செய்யும்?

புழுவின் தோல் மெல்லியது. சுற்றியுள்ள மண்ணில் உப்பு அதிகமானால் உடம்பில் உள்ள தண்ணீர் வெளியே இழுக்கப்படும். புழு சுருங்கிச் சாகும். ஊறுகாய்க்கு உப்புப் போட்டால் மாங்காய் தண்ணீர் விடுகிறதே, அதே கதைதான். கடற்கரை மணலிலேயே வாழும் பான்டோட்ரிலஸ் என்ற ஒரு வகை உண்டு. ஆனால் எரு தயாரிக்க நாம் வளர்க்கும் புழுக்களுக்கு அந்தத் தாங்கும் சக்தி கிடையாது.

உப்பு மண்ணிலும் இரண்டு விதம். கரையும் உப்பு மிகுந்தது உவர் மண். மண் சாற்றின் மின்கடத்துதிறன் 4 டெசிசீமன்சுக்கு மேல் இருக்கும். சோடியம் மிகுந்தது களர் மண். கார அமில நிலை 8.5-க்கு மேல் போகும். களர் மண்ணில் களித்துகள் பிரிந்து துளைகளை அடைத்துவிடுவதால் தண்ணீர் மேலேயே தேங்கும். காய்ந்தால் பாறை மாதிரி இறுகும்.

லக்னோவில் நடந்த ஆய்வு

சென்னை நியூ காலேஜில் பணியாற்றிய பேராசிரியர் டாக்டர் சுல்தான் அகமது இஸ்மாயில் நம் நாட்டு மண்புழுக்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். மண்ணுக்குள் துளையிட்டு வாழும் லாம்பிட்டோ மாரிட்டி, மேல்சருகில் வாழும் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் என்ற இரண்டு உள்ளூர் வகைகளையும் சேர்த்தே பயன்படுத்தச் சொன்னார். வெளிநாட்டுப் புழுதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அவரும் பங்குகொண்ட ஓர் ஆய்வு 1998 முதல் 2000 வரை லக்னோ அருகே ஷிவ்ரி பண்ணையில் நடந்தது. அது களர் நிலம். உருளைக்கிழங்கு, கீரை, டர்னிப் பயிர்களுக்கு எக்டேருக்கு 4, 5, 6 டன் என்ற அளவுகளில் மண்புழு எரு இட்டுப் பார்த்தார்கள். 6 டன் இட்ட பாத்திகளில் விளைச்சலும் மண்ணின் குணமும் நன்றாகத் தேறின. ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அது ஏற்கெனவே சீர்திருத்தத் தொடங்கிய நிலம். வெறும் களரில் புழுவைக் கொட்டி யாரும் அதிசயம் செய்யவில்லை.

நம்ம பக்கத்துக்கு ஏற்ற வரிசை

1. முதலில் மண் பரிசோதனை. உவரா, களரா என்று தெரிய வேண்டும்.
2. உவர் என்றால் வரப்பை உயர்த்தி, ஐப்பசி கார்த்திகை மழையைத் தேக்கி, வடிகால் வழியாக உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும். களர் என்றால் ஜிப்சம் இட்டு அதன்பின் கழுவ வேண்டும்.
3. அடுத்து தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழவேண்டும். உப்பை ஓரளவு தாங்கி வளரும் தழை உரம் இது.
4. அதன்பிறகே மண்புழு எரு. எருக்குழி நிழலில் இருக்கட்டும். பச்சைச் சாணம் சூடு கிளப்பும், பாதி மக்கிய பிறகு போடலாம். குழிக்கு உப்புத்தண்ணீர் தெளிக்கவே கூடாது, நல்ல தண்ணீர் வேண்டும்.
5. மழைக்குப் பிறகு ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழம் தோண்டி, தானாக வந்த புழுக்களை எண்ணிப் பாருங்கள். வருஷா வருஷம் எண்ணிக்கை கூடினால் மண் தேறுகிறது என்று அர்த்தம்.

முடிவாக, புழு வந்தால் மண் திருந்தும் என்பது பாதி உண்மைதான். மண் ஓரளவு திருந்தினால்தான் புழு வரும். வந்தபிறகு அது போடும் துளை வழியாக அடுத்த மழை இன்னும் ஆழமாக இறங்கி, மிச்ச உப்பையும் கீழே கொண்டுபோகும். ஆக, தொடக்கி வைக்க வேண்டியது மனிதன், தொடர்ந்து செய்வது புழு.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். மண் பரிசோதனைச் சீட்டு வீட்டுக்கு வந்தால், "இதுல என்ன போட்டிருக்கு, படிச்சுச் சொல்லு" என்று நம் கையில்தான் கொடுப்பார்கள். அதைப் படித்துச் சொல்வதும், வடிகாலுக்கு லெவல் எடுத்துக் கொடுப்பதும் டிப்ளமோ படிக்கிற நம்மால் முடிந்த வேலை. புழு வாங்கக் கடைக்குப் போகும் முன்னால், அந்தச் சீட்டை ஒரு தடவை வாங்கிப் பார்ப்போம்.

வாழ்க உழவு!