நோய் நாளும் கற்கும் நாளே

‘முதலில் உடம்பு தேறட்டும், மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்னும் சொல்லை மருத்துவமனையில் நாம் அடிக்கடி கேட்கின்றோம். காய்ச்சலுக்கு அது பொருந்தும். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், மூட்டுநோய், பக்கவாதம் ஆகியவையோ ஆண்டுக்கணக்கில் நம்முடன் வருபவை. தேறும் நாளுக்காக வாழ்வை ஒத்திவைத்தால், ஒத்திவைத்த நாள்களே வாழ்நாளாகிவிடும். நோயுடன் இருக்கும் நாளையும் நிறைவாக வாழ்வது எவ்வாறு? அதற்கு ஒரு மருத்துவரின் வாழ்க்கையே நமக்குப் பாடமாக அமைகின்றது.

மருத்துவர் நோயாளியானபோது

கோ. வெங்கடசாமி 1918ஆம் ஆண்டு எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் பிறந்தார். தாளும் எழுதுகோலும் இல்லாத கிராமப் பள்ளியில், மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படித்தவர். உறவுப் பெண்கள் சிலர் பேறுகாலத்தில் இறந்ததைக் கண்டு, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என உறுதிபூண்டார். நம் பகுதியினர் நன்கறிந்த சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் பட்டம் பெற்று, இராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றினார்.

முப்பது வயதை எட்டும் வேளையில் கடுமையான முடக்குவாதம் அவரைத் தாக்கியது. நெடுங்காலம் படுக்கையில் கிடந்தார். விரல்கள் கோணிப்போயின, பேனாவைப் பிடிப்பதும் அரிதாயிற்று. மகப்பேறு மருத்துவக் கனவு அத்துடன் முடிந்தது.

அவர் மீண்டும் மாணவரானார். கண் மருத்துவம் பயின்று 1951இல் பட்டயம் பெற்றார். கோணிய விரல்களுக்கு ஏற்ற கருவிகளைக் கொண்டு, கத்தியைப் பிடிக்கச் சிறிது சிறிதாகப் பழகினார். அந்தக் கைகளே பின்னர் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தன. அரசுப் பணியிலிருந்து 58ஆம் வயதில் ஓய்வு பெற்றவர், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006இல் மறைந்தார்.

அவருடைய விரல்கள் நேராகவில்லை. இழந்த கனவும் மீளவில்லை. கல்வி நோயை நீக்கிவிடும் என்று நாம் கூற வரவில்லை. இருக்கும் உடம்பைக் கொண்டே அடுத்த பாடத்தைத் தொடங்கலாம் என்பதே அவர் வாழ்வு காட்டும் வழி.

நாம் தொடங்கத்தக்க பாடங்கள்

*முதற்பாடம், நம் நோய்.* உண்ணும் மாத்திரையின் பெயர், அளவு, வேளை, அது எதற்காக என்பவற்றை அறிந்துகொள்வோம். மருத்துவர் கூறியதை நம் சொற்களில் அவரிடமே திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்போம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவுப் பணி பார்ப்போர், உணவு வேளை மாறும் வாரங்களில் இன்சுலினையும் மாத்திரையையும் எப்போது எடுப்பது என முன்னரே கேட்டறிய வேண்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு ஆகியவை சர்க்கரை தாழ்வதன் அறிகுறிகள். நினைவு தெளிவாக இருப்பின், மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே அருந்த வேண்டும். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். இதனை வீட்டாரும் கற்றிருத்தல் உயிர்காக்கும்.

*இரண்டாம் பாடம், நம் உடம்பு.* பக்கவாதத்திற்குப் பின் மூளை, திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியால் இழந்த இயக்கங்களைப் புதிதாகப் பழகிக்கொள்ள முயல்கின்றது. நேற்று ஒரு பொத்தான் மாட்டியவர் இன்று இரண்டு மாட்டினால், அது தேர்ச்சியே. பிறருடைய வேகத்தோடு அதனை ஒப்பிட வேண்டியதில்லை.

*மூன்றாம் பாடம், நோய்க்கு அப்பாற்பட்டது.* நாள்தோறும் கால் மணிநேரம் போதும். அடுத்த படுக்கையில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளி இருக்கலாம். அவர் மொழியில் நான்கு சொற்களைக் கற்று, நம் மொழியில் நான்கைக் கற்பிக்கலாம். பள்ளியை இடையில் விட்டவர், பேரக்குழந்தையின் பாடநூலைத் திறக்கலாம்.

உடனிருப்போருக்கு

கவனித்துக்கொள்பவரின் வாழ்வும் நோயாளியின் கட்டிலருகே நின்றுவிடுவதுண்டு. தையலையோ கணினியையோ தேர்வுக்கான படிப்பையோ பாதியில் விட்டவர்கள் நம்மிடையே பலர். வாரத்தில் சில மணிநேரமாவது மற்றோர் உறவினர் பொறுப்பேற்க, அவர் தம் படிப்பைத் தொடரட்டும். அது தன்னலமாகாது. சோர்ந்துபோனவரால் நெடுங்காலம் பிறரைத் தாங்க இயலாது.

வலி மிகுந்த நாளில் எதையும் கற்க இயலாமற்போகலாம். அன்று ஓய்வே உரிய கடமை; குற்றவுணர்வு வேண்டா. மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இவ்வாரப் பயிற்சி: ஒரு சிறு குறிப்பேட்டில் ஒவ்வோர் இரவும் இரண்டு வரிகள் எழுதுவோம். ஒன்று, நம் உடம்பைப் பற்றி இன்று அறிந்தது; மற்றொன்று, உலகைப் பற்றி இன்று அறிந்தது. எழுத இயலாதவர் சொல்ல, அருகிலிருப்பவர் எழுதட்டும். அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது அந்தக் குறிப்பேட்டையும் உடன் கொண்டு வாருங்கள்.