மஞ்சள்தொண்டைச் சின்னானும் ஒரு சிவப்புக் குறியும்

எங்கள் பள்ளி கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது. ஏழாம் வகுப்பில் 'வாழிடம்' பற்றி நடத்தும்போது, ஒரு வாரம் பார்த்த பறவைகளைக் குறித்துவரச் சொல்வேன். ஆடு மேய்க்கப் போகும் மாணவன் ஒருவன், 'பாறைமேல் மஞ்சள் கழுத்துச் சின்னான்' என்று எழுதியிருந்தான். நான் அதைச் சிவப்பு மையால் அடித்து, 'வெண்புருவச் சின்னான்' என்று திருத்தினேன்.

"இல்லீங்க சார், இதுக்கு வெள்ளைப் புருவம் இல்லீங்க" என்றான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு காலை அவனும் அவன் அப்பாவும் என்னைச் சரிவுக்கு அழைத்துப் போனார்கள். பெரும்பாறைகள், இடையே புதர்கள், பாறை இடுக்கில் வேர்விட்ட ஓர் இச்சி மரம். முக்கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இச்சிப் பழம் தின்ன இரண்டு பறவைகள் வந்தன. மைனாவைவிடச் சற்றுச் சிறியவை. சாம்பல் கலந்த பச்சை முதுகு, பளிச்சென்ற மஞ்சள் தொண்டை, வாலடியிலும் மஞ்சள், வால் நுனியில் வெளிர்மஞ்சள். புருவக்கோடு இல்லவே இல்லை. எங்களைக் கண்டதும் புதருக்குள் மறைந்துவிட்டன. கூச்சம் மிகுந்த பறவை அது.

மதராஸ் படையில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன் 1845இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய மஞ்சள்தொண்டைச் சின்னான்தான் அது. உலகில் தென்னிந்தியாவைத் தவிர வேறெங்கும் இல்லை. இங்கும் எல்லா இடத்திலும் கிடையாது. கர்நாடகத்தின் நந்தி மலை, ஆந்திரத்தின் ஹார்ஸ்லி மலை, நம் கொல்லிமலை எனப் பாறையும் புதர்க்காடும் சேர்ந்த குன்றுகளில் தனித்தனித் தீவுகளாக வாழ்கிறது. பழங்களும் பூச்சிகளும் உணவு. பழம் தின்று விதை பரப்புவது சின்னான் இனத்துக்கே உரிய வேலை. பாறை இடுக்கில் இச்சி முளைப்பது இப்படித்தான். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இது 'அழிவாய்ப்புள்ள இனம்'.

'தரிசு', 'வெறும் பாறை' என்று நாமே வகுப்பில் சொல்லிவிடுகிறோம். கல்குவாரிக்காக ஒரு குன்றை உடைத்தால், இதற்கு ஒதுங்க அடுத்த குன்று பக்கத்தில் இருக்காது. காட்டுத்தீயும் புதர் வெட்டுதலும் இதே வேலையைத்தான் மெதுவாகச் செய்கின்றன.

திங்களன்று வகுப்பிலேயே அந்தச் சிவப்புக் குறியை அடித்துவிட்டு, பக்கத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இப்போது பறவையின் பெயரை யாரும் முதலில் எழுதுவதில்லை. புருவம் உண்டா, தொண்டை என்ன நிறம், வால் நுனி எப்படி, எதன்மேல் உட்கார்ந்திருந்தது? இந்த நான்கையும் குறித்த பிறகே பெயர். கூடு தேடிப் போகக் கூடாது என்ற விதியைப் பிள்ளைகளே சேர்த்தார்கள்.